வேலை கொடுப்பதே தொழிலாக இருக்கும் நிறுவனங்கள்

"இடையில் இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

என் அண்ணன் போன இன்டர்வியூ அத்தனையிலும் இந்தக் கேள்விதான் குறுக்கே நின்றது. அவரிடம் பதில் இருந்தது. மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார், நடுவில் சில மாதங்கள் மருத்துவமனையில் இருந்தார், தேறி வந்தார். இதை உள்ளபடி சொன்னால் எதிரே இருப்பவர் ஃபைலை மூடிவிட்டு "சொல்லி அனுப்புகிறோம்" என்பார். மழுப்பினால் எதையோ மறைக்கிறார் என்று நினைப்பார். எப்படிச் சொன்னாலும் முடிவு ஒன்றுதான். அவருக்கு வேலை தெரியுமா என்கிற இடத்துக்குப் பேச்சு போனதே இல்லை.

இப்போது அவர் ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறார். மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற இடம். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேறு எங்கும் கதவு திறக்காதவர்கள். சிறைக்குப் போய் வந்தவர்கள், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள், காது கேளாதவர்கள், பல வருஷமாக வேலையே இல்லாமல் இருந்தவர்கள். ஆனால் அது அறக்கட்டளை அல்ல, ஒரு கம்பெனி. மற்ற சலவை நிறுவனங்களோடு போட்டி போட்டு ஆர்டர் பிடிக்கிறது, பில் போடுகிறது, சட்டப்படி சம்பளம் தருகிறது. மிச்சம் இருந்தால் அது இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளப் போகிறது. இப்படிப்பட்ட அமைப்புகளைச் சமூக நிறுவனங்கள் என்கிறார்கள். அண்ணன் அங்கே சேர்ந்த பிறகுதான் இவற்றைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேவா பேஜர் என்ற சமூகவியலாளர் 2001-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஒரு சோதனை நடத்தினார். இளைஞர்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, ஒரே மாதிரியான படிப்பும் அனுபவமும் காட்டி, சாதாரண வேலைகளுக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். சிறைத் தண்டனை அனுபவித்ததாகச் சொல்வதா, வேண்டாமா என்பதை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தார். வெள்ளை இளைஞர்களில் தண்டனை இல்லை என்றவருக்கு 34 சதவீத இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது. தண்டனை உண்டு என்றவருக்கு 17 சதவீதம். கறுப்பு இளைஞர்களில் தண்டனை இல்லாதவருக்கே 14 சதவீதம்தான். தண்டனை உள்ளவருக்கு 5. குற்றமே செய்யாத கறுப்பு இளைஞரைவிட, சிறைக்குப் போய் வந்த வெள்ளை இளைஞருக்கு அதிக அழைப்பு. இதில் எங்கேயும் ஒருவரும் யாரையும் ஒரு நாள்கூட வேலை வாங்கிப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காகிதத்தில் இருந்த ஒரு வரியும் தோலின் நிறமும் போதுமாக இருந்தன.

அந்த வரியைப் பார்ப்பதையே விட்டுவிட்டால் என்ன ஆகும்? நியூயார்க்கை ஒட்டியிருக்கும் யோங்கர்ஸில் செய்து பார்த்திருக்கிறார்கள். பெர்னி கிளாஸ்மன் என்ற ஜென் பௌத்த ஆசிரியர் 1982-ல் ஆரம்பித்த கிரேஸ்டன் பேக்கரி அங்கேதான் இருக்கிறது. அங்கே பயோடேட்டா கேட்பதில்லை, இன்டர்வியூ கிடையாது, பழைய வழக்குகளைத் தோண்டுவதில்லை. வேலை வேண்டுமென்றால் பட்டியலில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். இடம் காலியானதும் அடுத்த பெயருக்கு அழைப்பு போகும். அவர்கள் சுடும் பிரௌனி பென் அண்டு ஜெர்ரிஸ் ஐஸ்கிரீமுக்குள் போகிறது. "பிரௌனி சுடுவதற்காக நாங்கள் ஆள் எடுக்கவில்லை, ஆள் எடுப்பதற்காகத்தான் பிரௌனி சுடுகிறோம்" என்பது அவர்கள் சொல்லிக்கொள்ளும் வாசகம்.

இதை இரக்கம் என்று புரிந்துகொண்டால் விஷயம் கைநழுவிவிடும். சேர்ந்தவர் பயிற்சிக் காலத்தைத் தாண்டியாக வேண்டும். நேரத்துக்கு வராவிட்டால், வேலையைக் கற்றுக்கொள்ளாவிட்டால் நீடிக்க முடியாது. சலித்து எடுப்பதற்குச் செலவழிக்கிற பணத்தைக் கற்றுக்கொடுப்பதற்குச் செலவழிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவர் வேலைக்கு ஆவாரா என்பதற்கு வேலையே பதில் சொல்கிறது. எனக்கு இது மற்ற முறைகளைவிட நியாயமாகவும், வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் புத்திசாலித்தனமாகவும் படுகிறது. அரை மணி நேரப் பேச்சில் ஒரு மனிதரை எடைபோட முடியும் என்ற நம்பிக்கைதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

சரி, உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது?

அண்ணனின் சலவை நிலையத்துக்குப் போயிருக்கிறேன். நடுவில் ஒரு தடுப்புச் சுவர். ஒரு பக்கம் அழுக்குத் துணி வந்து இறங்கும், மறு பக்கம் வெளுத்த துணி வெளியே வரும். இரண்டு பக்கத்து ஆட்களும் வேலை நேரத்தில் கலந்துகொள்ள மாட்டார்கள். மருத்துவமனைத் துணி என்பதால் இந்தக் கண்டிப்பு. இதெல்லாம் எந்தச் சலவை நிலையத்திலும் இருப்பதுதான். வித்தியாசம் மடிக்கிற மேஜையில் இருந்தது. மேஜை மேல் ஒரு சிவப்புக் கோடும் ஒரு நீலக் கோடும் போட்டிருந்தார்கள். படுக்கை விரிப்பின் ஓரத்தைச் சிவப்புக் கோட்டில் வைத்து ஒரு மடிப்பு, பிறகு நீலக் கோட்டுக்குக் கொண்டுவந்து இன்னொரு மடிப்பு. எத்தனை சென்டிமீட்டர் என்று யாரும் கேட்க வேண்டாம், படிக்கவும் வேண்டாம். யார் மடித்தாலும் ஒரே அளவு. இயந்திரம் நின்றால் மணி மட்டும் அடிக்காது, மேலே ஒரு விளக்கும் சுழலும். காது கேளாதவர் இரண்டு பேர் அந்த இயந்திரத்தைத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். எந்த நிறப் பை எந்த வார்டுக்கு என்பதற்குச் சுவரில் புகைப்படங்கள் ஒட்டியிருக்கின்றன.

அண்ணனுக்கு இராத்திரி சாப்பிடும் மாத்திரை காலையில் ஒன்பது மணி வரை தலையைத் தூக்க விடாது. முன்பு ஓரிரு இடங்களில் தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தும், எட்டு மணி ஷிப்டுக்குப் போக முடியாமல் ஒரு மாதத்துக்குள் நின்றுவிட்டார். இங்கே அவருடைய ஷிப்ட் பத்து மணிக்கு ஆரம்பிக்கிறது. முதலில் நான்கு மணி நேரம், பழகிய பிறகு ஆறு. பெரிய மருத்துவக் கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. கடிகாரத்தை இரண்டு மணி நேரம் தள்ளிவைக்க ஒருவர் சம்மதித்தார். அவ்வளவில், வேலைக்கு லாயக்கில்லை என்று பல வருஷம் எழுதிவைக்கப்பட்ட மனிதர் வேலைக்கு ஆகிவிட்டார்.

அங்கே சூப்பர்வைசராக இருப்பவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரைவிட வயதில் மூத்தவர்களும்கூட. சேர்ந்த புதிதில் அண்ணன் சில நாள் தொடர்ந்து போகவில்லை. மனம் இறுகிப் படுத்துவிட்டார். இதோடு இதுவும் போச்சு என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. "விரிப்பு மடிக்க உங்க ஜோடி தனியா நிக்கிறாங்க. ஒருத்தரா மடிக்க முடியலை. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுறீங்களா?" என்றார். அண்ணன் போனை வைத்துவிட்டு என்னிடம், "டேய், அலாரம் வை" என்றார்.

பிறகு அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "எல்லாரும் வர்ற நாளில் எனக்கு வேலை கம்மி. வராதவங்கதான் என் வேலை" என்றார். இந்த நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் மேற்பார்வைச் செலவு மற்ற இடங்களைவிட அதிகமாக இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் இந்த மாதிரி போன் அழைப்புகள்தான் இருக்கின்றன.

வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். அதைக் கண்ணால் பார்த்து எழுதியவர்கள் உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற ஊர். ஊரே ஒரு நூல் ஆலையை நம்பி இருந்தது. பொருளாதார மந்தத்தில் ஆலை மூடப்பட, கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் வேலை இழந்தன. 1930-களின் தொடக்கத்தில் மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் அங்கே ஆய்வு செய்தார்கள். ஜன்னலோரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தை அளந்தார்கள். வீட்டு வேலை குறையாத பெண்கள் நேரே நடந்து போனார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. நேரம் எக்கச்சக்கமாகக் கிடைத்தும் படிப்பது குறைந்தது என்பதுதான் அந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்த செய்தி. யஹோடா பின்னாளில் இதை விளக்கினார். வேலை பணத்தோடு சேர்த்து நாளுக்கு ஒரு வடிவம் தருகிறது, வீட்டுக்கு வெளியே ஆட்களைத் தருகிறது, பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வைத் தருகிறது, நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ள இடம் தருகிறது, உடம்பையும் மனதையும் சும்மா இருக்க விடாமல் வைக்கிறது.

அண்ணன் வீட்டில் இருந்த வருஷங்களில் அவருக்குச் செவ்வாய்க்கும் சனிக்கும் வித்தியாசம் இல்லாமல் இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடித்த நாள்.

ஆனால் நாளுக்கு வடிவம் கிடைத்தால் போதுமா? இங்கேதான் நான் பிடிவாதமாக இருக்க விரும்புகிறேன். சம்பளம் இல்லாமல் நாளை நிரப்புகிற ஏற்பாடுகள் பல காலமாகவே உண்டு. அவற்றுக்கும் நான் பேசிக்கொண்டிருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில் நடந்ததைப் பார்த்தால் புரியும். 1971-ல் அங்கேயிருந்த மனநல மருத்துவமனைக்கு இயக்குநராக வந்தார் ஃபிராங்கோ பசாலியா. ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகள் உள்ளே இருந்தார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வார்டைப் பெருக்கினார்கள், சமையலறையில் பாத்திரம் கழுவினார்கள், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குத் தொழில் சிகிச்சை என்று பெயர். சிகிச்சை என்று ஆகிவிட்டதால் கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை. பசாலியாவும் அவரோடு இருந்தவர்களும் 1972-ல் நோயாளிகளைக் கொண்டே ஒரு கூட்டுறவு சங்கம் அமைத்தார்கள். அதே பெருக்கும் வேலைக்கு நிர்வாகத்தோடு முறையான ஒப்பந்தம், முறையான சம்பளம். நேற்றுவரை நோயாளி, இன்று தொழிலாளி. செய்கிற வேலையில் மாற்றம் எதுவும் இல்லை.

1978-ல் இத்தாலி மனநோய் காப்பகங்களை மூடும் சட்டம் இயற்றியது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். வெளியே வந்தால் பிழைப்பு வேண்டுமே? திரியெஸ்தே பாணிக் கூட்டுறவுகள் நாடெங்கும் பரவ, 1991-ல் 381-ஆம் எண் சட்டம் அவற்றுக்கு முறையான அங்கீகாரம் கொடுத்தது. அதில் இரண்டு வகை. ஒன்று, பராமரிப்பு, கல்வி போன்ற சேவைகளைத் தருவது. மற்றது, எந்தத் தொழிலை வேண்டுமானாலும் செய்து, வேலைச் சந்தையில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடம் தருவது. இந்த இரண்டாவது வகையில் தொழிலாளர்களில் குறைந்தது 30 சதவீதம் அப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சந்தாவிலிருந்து கூட்டுறவுக்கு விலக்கு உண்டு. மாற்றுத்திறனாளிகள், மனநோய் சிகிச்சை பெற்றவர்கள், போதைக்கும் குடிக்கும் அடிமையாகியிருந்தவர்கள், சிறைக்கு வெளியே தண்டனைக் காலத்தைக் கழிக்க அனுமதிக்கப்பட்டவர்கள் என்று யார் யார் என்பதையும் சட்டமே சொல்கிறது.

30 என்ற எண்ணை முதலில் படித்தபோது இவ்வளவு குறைவா என்று தோன்றியது. யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மீதி 70 சதவீதம் பேர் பக்கத்து மேஜையில் நிற்கும் சாதாரணத் தொழிலாளிகள். ஊனமுற்றவர்கள் மட்டும், சிறைவாசிகள் மட்டும் என்று தனியே அடைத்துவைத்த பட்டறையாக அது மாறிவிடாமல் இருப்பதற்கு அந்தக் கலப்பு தேவை.

தனிப் பட்டறைகளின் வரலாறு கசப்பானது. அமெரிக்காவில் 1938-ல் வந்த நியாயத் தொழிலாளர் தர நிர்ணயச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அரசிடம் சான்றிதழ் வாங்கிய முதலாளி, மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகக் கொடுக்கலாம். ஊனமில்லாத ஒருவர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு செய்வார் என்று அளந்து, அதில் இவர் எத்தனை பங்கு செய்கிறாரோ அந்தப் பங்குக் கூலி. பல மாநிலங்கள் பின்னாளில் இதைத் தடை செய்தன. கணக்கு சரிதானே என்று யாராவது கேட்டால் அண்ணனைத்தான் நினைத்துக்கொள்வேன். காலை எட்டு மணிக்கு அவரை நிறுத்திக் கடிகாரம் பிடித்து அளந்தால் பாதி ஆள்தான். பத்தரை மணிக்கு அளந்தால் முழு ஆள். எந்த நேரத்தில், எந்த மேஜையில், யார் பக்கத்தில் நிறுத்தி அளந்தீர்கள் என்பதைச் சொல்லாமல் ஒருவரின் திறனுக்கு எண் கொடுக்க முடியாது.

பிரிட்டனில் ரெம்ப்ளாய் என்று ஒரு நிறுவனம் இருந்தது. 1944-ல் வந்த சட்டத்தின்படி அரசே அமைத்தது. அதன் முதல் தொழிற்சாலை 1946-ல் வேல்ஸின் பிரிட்ஜெண்டில் திறந்தது. போரில் காயம்பட்டவர்களுக்கும் மற்ற ஊனமுற்றோருக்கும் வேலை. இந்தத் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகள் நடந்தன. 2011-ல் வந்த ஒரு பரிந்துரை, இந்தப் பணத்தைத் தனித் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பதைவிட, பொதுவான இடங்களில் வேலை பார்க்க ஒவ்வொருவருக்கும் உதவி செய்யப் பயன்படுத்தலாம் என்றது. கொள்கை அளவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2013-க்குள் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வேலை இழந்த பலர் அடுத்த வேலை கிடைக்காமல் திண்டாடினார்கள். ஒன்றைத் தவறு என்று மூடுகிறவர்கள், மாற்றைக் கட்டி முடித்துவிட்டு மூட வேண்டாமா? அந்தத் தொழிலாளர்களின் கோபம் எனக்கு இன்றும் புரிகிறது.

இந்தத் துறையில் அடிக்கடி கொண்டாடப்படுகிற இன்னொரு வகை உண்டு. குறை என்று நினைத்ததையே தகுதியாக மாற்றுவது. ஜெர்மனியின் டூயிஸ்பர்கில் ஃபிராங்க் ஹாஃப்மன் என்ற மகப்பேறு மருத்துவர் யோசித்த திட்டம் ஒன்றை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பார்வையற்ற பெண்களுக்கு ஒன்பது மாதம் பயிற்சி கொடுத்து, மார்பகத்தில் கட்டி இருக்கிறதா என்று விரலால் தொட்டுக் கண்டறிய வைத்தார். பிரெய்ல் புள்ளிகள் பதித்த ஒட்டுப் பட்டைகளை உடம்பில் ஒட்டி, இடத்தை அங்குலம் அங்குலமாகக் குறித்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கும் மேல் பரிசோதிப்பார்கள். வழக்கமான பரிசோதனையில் ஒரு மருத்துவரால் அவ்வளவு நேரம் ஒதுக்க முடிவதில்லை. டென்மார்க்கில் தோர்கில் சோனே என்பவர், தன் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது தெரிந்த பிறகு, 2004-ல் ஸ்பெஷலிஸ்டர்னெ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆட்டிசம் உள்ளவர்கள் மென்பொருள் சோதனை போன்ற நுணுக்கமான வேலைகளைச் செய்கிறார்கள்.

அருமையான முயற்சிகள்தான். ஆனால் இவற்றையே திரும்பத் திரும்பக் காட்டும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஒதுக்கப்பட்ட ஒவ்வொருவருக்குள்ளும் ஏதோ அபூர்வத் திறமை ஒளிந்திருந்தால்தான் வேலை உண்டு என்பது போல ஆகிவிடக் கூடாது. ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் கம்ப்யூட்டர் வராது. என் அண்ணனிடம் அபூர்வத் திறமை எதுவும் கிடையாது. விரிப்புகளை ஒழுங்காக மடிப்பார், எண்ணிக் கட்டுவார், ஜோடியோடு சண்டை போட மாட்டார். உலகத்தில் வேலைக்குப் போகும் பெரும்பாலானவர்களிடம் இருப்பது இவ்வளவுதான்.

இனி, இந்த நிறுவனங்களுக்குள் இருக்கும் தீராத சிக்கலுக்கு வருகிறேன். இது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

ஆளைச் சேர்க்கிறீர்கள், கற்றுக்கொடுக்கிறீர்கள், நேரத்துக்கு வரப் பழக்குகிறீர்கள். ஒரு வருஷத்தில் அவர் நல்ல தொழிலாளி ஆகிவிடுகிறார். அடுத்து என்ன? பிரான்சில் இத்தகைய நிறுவனங்களில் ஒருவர் பொதுவாக 24 மாதம் வரைதான் இருக்கலாம். பிறகு வெளிச் சந்தைக்குப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் கிரெகரி பாயில் என்ற பாதிரியார் 1988-ல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ், கும்பல் வன்முறையிலிருந்தும் சிறையிலிருந்தும் வெளியே வருகிறவர்களுக்குப் பேக்கரி, உணவகம் என்று பல தொழில்களில் வேலை தருகிறது. அங்கேயும் 18 மாதப் பயிற்சிதான். கும்பல் அடையாளமாகக் குத்திய பச்சையை இலவசமாக நீக்கியும் விடுகிறார்கள், முகத்தில் அது இருந்தால் அடுத்த இடத்தில் யார் வேலை தருவார்கள்? இத்தாலியக் கூட்டுறவுகளில் அப்படிக் கெடு இல்லை. ஒருவர் கடைசி வரை இருக்கலாம்.

கெடு வைத்தால், கற்றுத் தேர்ந்தவர் கிளம்பிப் போகிறார், கற்காதவர் உள்ளே வருகிறார், எப்போதும் இப்படியே. எந்த முதலாளியும் தன் சிறந்த ஆளை அனுப்பிவிட்டுத் தொழில் நடத்த விரும்ப மாட்டான். இவர்களோ அனுப்புவதைத்தான் வெற்றி என்று எழுத வேண்டும். அண்ணனின் நிலையத்தில் பெரிய ரோலர் இஸ்திரி இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு ஒரு ஹோட்டலில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. அக்கா கேக் வெட்டி அனுப்பிவைத்தார். அடுத்த இரண்டு வாரம் அந்த இயந்திரத்தில் அவரே நின்றார், துணி தேங்கிக் கிடந்தது. கெடு வைக்காவிட்டால் வேறு ஆபத்து. நல்லவர்களைப் போக விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளத் தோன்றும், வெளியே நிற்கிறவர்களுக்கு இடம் காலியாகாது. இன்னொரு தவறும் நடக்கிறது. எத்தனை பேருக்கு வெளியே வேலை வாங்கிக் கொடுத்தீர்கள் என்ற எண்ணிக்கையை வைத்து மானியம் வந்தால், ஏற்கெனவே பாதி தேறியவர்களைப் பார்த்துப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். மிகவும் கஷ்டப்படுகிறவர் இங்கேயும் வாசலில் நிற்பார்.

எனக்குக் கெடுவில் நம்பிக்கை இல்லை. ஒருவர் எப்போது தயார் என்பதைத் தேதி போட்டுச் சொல்ல முடியாது. போகிறவர் போகட்டும், இருக்கிறவர் இருக்கட்டும், போனவர் தடுமாறினால் திரும்பி வரட்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. அதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது என்பதும் நியாயமான கேள்விதான்.

இந்த நிறுவனங்களே எதற்கு, நேராக வெளியே சாதாரண வேலைக்கே அனுப்பலாமே என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை அலட்சியமாகத் தள்ள முடியாது. அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் 1990-களில் ஒரு முறையை வகுத்தார்கள். முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற வழக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். கடுமையான மனநோய் உள்ளவரையும் முதலில் சாதாரண வேலையில் சேர்த்துவிட்டு, கூடவே ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு தாங்கிப் பிடிப்பது. ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், இந்த முறையில் போனவர்களில் சுமார் 55 சதவீதம் பேர் ஒரு நாளாவது சாதாரண வேலை பார்த்தார்கள். பழைய பயிற்சி முறையில் அது 28 சதவீதம்தான். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவும் 2022-ல் தனிப் பட்டறைகள் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதை ஏற்றுக்கொண்டேதான் சொல்கிறேன். முதலில் சரி என்று சொல்ல ஒரு முதலாளி வேண்டும். அண்ணனோடு ஓர் உதவியாளர் அல்ல, பத்துப் பேர் போயிருந்தாலும் அந்த இன்டர்வியூக்களில் பதில் மாறியிருக்காது. சலவை நிலையத்தில் இருந்த வருஷங்கள் இப்போது அவருடைய பயோடேட்டாவில் வேலை அனுபவமாக நிற்கின்றன. அந்த வெற்றிடத்தைப் பற்றி இனி ஒருவரும் முதலில் கேட்க மாட்டார்கள்.

பணத்துக்கு வருகிறேன். பிரான்சில் 2016 பிப்ரவரி 29-ஆம் தேதி இயற்றிய ஒரு சட்டத்தின் கீழ் பத்துச் சிறு பகுதிகளில் ஒரு பரிசோதனை ஆரம்பித்தார்கள். நீண்ட கால வேலையின்மைக்கு அரசு ஏற்கெனவே உதவித்தொகையாகவும் வராத வரியாகவும் செலவழித்துக்கொண்டுதானே இருக்கிறது, அந்தப் பணத்தைச் சம்பளமாக மாற்றினால் என்ன என்பது யோசனை. வேலை வேண்டும் என்று வருகிற நீண்ட கால வேலையற்றோருக்கு, இதற்கென்றே அமைத்த நிறுவனத்தில் நிரந்தர ஒப்பந்தம், குறைந்தபட்சக் கூலி, அவரவர் தேர்ந்தெடுக்கும் நேரம். அந்தப் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் கடைகளோடும் தொழில்களோடும் போட்டி போடக் கூடாது என்பது நிபந்தனை. ஊருக்குத் தேவை, ஆனால் லாபம் வராது என்று யாரும் தொடாத வேலைகளைத்தான் செய்வார்கள். 2020-ல் இன்னும் பல பகுதிகளுக்கு நீட்டித்தார்கள். கணக்கு முழுதாக நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அதைப் பற்றி அங்கே விவாதம் ஓயவில்லை. ஆனால் ஒருவரைச் சும்மா உட்கார வைப்பதும் செலவுதான் என்று சட்டப் புத்தகத்தில் ஏற்றியதே பெரிய விஷயம்.

மானியத்தைவிட ஆர்டர்தான் சமூக நிறுவனங்களுக்கு முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு கொள்முதல் விதிகளில், ஊழியர்களில் குறைந்தது 30 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாகவோ பின்தங்கியவர்களாகவோ இருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் என்று அரசு டெண்டரை ஒதுக்கிவைக்க இடம் இருக்கிறது. துணி வெளுப்பது, தோட்டம் பராமரிப்பது, அலுவலகம் சுத்தம் செய்வது என்று அரசு எப்படியும் யாரிடமாவது வாங்கித்தான் ஆக வேண்டும்.

வாங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை. இத்தகைய இடங்களைப் பார்க்க வந்து, நெகிழ்ந்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய. அண்ணனின் நிலையத்துக்கும் அப்படி ஒரு பெரிய வாடிக்கையாளர் இருந்தார். தன் ஆண்டறிக்கையில் இவர்கள் படத்தைப் போட்டார். பில்லை மட்டும் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். பெரிய கம்பெனிக்கு வங்கியில் கடன் கிடைக்கும், சமாளித்துவிடும். இங்கே அந்த மாதச் சம்பளம் தாமதமாகும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சிறையிலிருந்து வந்து புதிதாக வாடகைக்கு வீடு எடுத்திருந்த ஒருவர் வாடகை கட்ட முடியாமல் அக்காவிடம் வந்து நின்றார். ஐரோப்பாவில் அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2011-லேயே விதி செய்துவிட்டார்கள். உங்கள் நிறுவனம் இவர்களிடம் எதையாவது வாங்குகிறது என்றால், கணக்குப் பிரிவுக்குப் போய் இவர்களுடைய பில் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் பணம் போனது என்று கேட்டுப் பாருங்கள். தாமதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.